பெயருக்கு முன்னே ‘தி’ வேண்டுமா?

(ஆங்கில இலக்கணப் பாடம்)



ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் சொல் எது தெரியுமா? மூன்றே எழுத்துகள் கொண்ட ‘தி’ என்னும் சொல்தான். ஆனால் அதன் பொருள் என்ன என்று கேட்டால் வகுப்பு முழுவதும் மௌனமாகிவிடும். காரணம், தமிழில் அதற்கு நேரான சொல் கிடையாது. லத்தீனிலும் இல்லை, இந்தியிலும் இல்லை, ரஷ்ய மொழியிலும் இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் இச்சொல்லில் தடுமாறுவதில் வியப்பொன்றுமில்லை.

பொதுப் பெயர்களோடு ‘தி’ வரும் முறையை ஆறாம் வகுப்பிலிருந்தே படித்து வருகிறீர்கள். ‘ஒரு பெண் வந்தாள், அந்தப் பெண் பாடினாள்’ என்பதில் ‘அந்த’ என்ற இடத்தில் ‘தி’ வரும் என்று உங்களுக்குத் தெரியும். சிறப்புப் பெயர்கள் வரும்போதுதான் குழப்பம் உண்டாகிறது. ‘ஐ ஆம் ஃப்ரம் தி தமிழ்நாடு’ என்று ஒருத்தி வேண்டாத இடத்தில் சேர்க்கிறாள். ‘காவேரி ரைசஸ் இன் கூர்க்’ என்று மற்றொருத்தி வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறாள். முன்னது மிகை, பின்னது குறை. இரண்டும் பிழையே.

‘சிறப்புப் பெயருக்கு முன் தி வராது’ என்று இலக்கண நூல் முதலில் விதிக்கிறது. உடனே ‘ஆனால் ஆறுகள், கடல்கள், மலைத்தொடர்கள், தீவுக் கூட்டங்கள், கப்பல்கள், செய்தித்தாள்கள் ஆகியவற்றுக்கு முன் வரும்’ என்று நீண்ட பட்டியல் ஒன்றையும் தருகிறது. பரீட்சைக்கு முதல்நாள் பட்டியலை மனப்பாடம் செய்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். இந்தப் பட்டியலுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் பட்டியலை உருப்போடும் சிரமம் பாதியாகக் குறையும்.

இன்னொன்றும் உண்டு. இது மதிப்பெண் கணக்கு மட்டுமன்று. இந்தச் சின்னஞ்சிறு சொல்லுக்காக ஒரு நாட்டு மக்களே வாதாடிய வரலாறு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

1. தமிழ் இலக்கணம் தரும் திறவுகோல்

நன்னூலில் நீங்கள் படித்த பாடமொன்றை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பெயர்கள் இடுகுறிப் பெயர் என்றும், காரணப் பெயர் என்றும் இருவகைப்படும் என்கிறார் பவணந்தி முனிவர். மரம், கல், மண் ஆகியவை இடுகுறிப் பெயர்கள். ஏன் அப்படிப் பெயர் வந்தது என்று கேட்டால் விடையில்லை. நம் முன்னோர் இட்டு வழங்கினார்கள், நாமும் வழங்குகிறோம். பறவை, நாற்காலி ஆகியவை காரணப் பெயர்கள். பறப்பதால் பறவை, நான்கு கால்கள் இருப்பதால் நாற்காலி. பெயரே பொருளை விவரித்துவிடுகிறது.

இந்தத் திறவுகோலை ஆங்கிலச் சிறப்புப் பெயர்களில் இட்டுத் திருப்பிப் பாருங்கள். வெறுமனே அழைக்கும் பெயருக்கு ‘தி’ வேண்டாம். விவரிக்கும் பெயருக்கு ‘தி’ வேண்டும். ‘இண்டியா’ என்பது அழைக்கும் பெயர். ஆகவே தனித்து நிற்கும். ‘தி ரிபப்ளிக் ஆஃப் இண்டியா’ என்பது இந்தியக் குடியரசு என்று விவரிக்கும் பெயர். உலகில் குடியரசுகள் பல உண்டு; அவற்றுள் இந்தியாவின் குடியரசு என்று சுட்டிக் காட்டவே ‘தி’ வருகிறது. ஆங்கில ‘தி’ பழங்காலத்தில் ‘அந்த’ என்ற பொருளுடைய சுட்டுச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். பிறந்த வீட்டுக் குணம் இன்னும் அதைவிட்டுப் போகவில்லை.

பின்வரும் இணைகளைக் கவனியுங்கள்:

அமெரிக்கா – தி யுனைட்டெட் ஸ்டேட்ஸ் (ஐக்கிய மாநிலங்கள்)
பிரிட்டன் – தி யுனைட்டெட் கிங்டம் (ஐக்கிய முடியரசு)
மெட்ராஸ் யூனிவர்சிட்டி – தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்
சவுத் இண்டியா – தி சவுத் ஆஃப் இண்டியா
வேர்ல்ட் வார் டூ – தி செகண்ட் வேர்ல்ட் வார்
வாட்டிகன் டூ – தி செகண்ட் வாட்டிகன் கௌன்ஸில்
தமிழ் – தி தமிழ் லாங்குவேஜ்

இடப்பக்கம் அழைக்கும் பெயர். வலப்பக்கம் விவரிக்கும் பெயர். ‘ஆஃப்’ என்ற சொல் பெயருக்கு நடுவே வந்தால் பெரும்பாலும் முன்னால் ‘தி’ இருக்கும். 1857-இல் தோன்றிய நம் சென்னைப் பல்கலைக்கழகத்தை இருவிதமாகவும் சொல்லலாம்; இரண்டையும் கலந்து ‘தி மெட்ராஸ் யூனிவர்சிட்டி’ என்று எழுதுவது நல்ல வழக்கன்று. அதுபோலவே 1945-இல் முடிந்த போரைத் ‘தி வேர்ல்ட் வார் டூ’ என்று எழுதக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விவரிக்கும் பெயரா, அழைக்கும் பெயரா என்பதைத் தீர்மானிப்பது ஆங்கிலக் காது, நம் காதன்று. ‘தமிழ்நாடு’ என்பது நமக்குக் காரணப் பெயர். தமிழரின் நாடு என்று பொருள் விளங்குகிறது. அதனால்தான் ‘தி தமிழ்நாடு’ என்று எழுதக் கை போகிறது. ஆனால் ஆங்கிலம் பேசுவோருக்கு ‘நாடு’ என்ற சொல் விளங்காது. 1969 ஜனவரி 14 முதல் மெட்ராஸ் மாநிலம் அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு ஆயிற்று. ஆங்கிலத்துக்கு அது முழுமையான ஓர் அழைப்புப் பெயர். ஆகவே ‘தி’ கிடையாது.

2. மறைந்து நிற்கும் சொல்

‘காவேரி என்பது அழைக்கும் பெயர்தானே, அதற்கு ஏன் தி?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். அங்கே ‘ஆறு’ என்ற பொதுச்சொல் மறைந்து நிற்கிறது. ‘தி காவேரி ரிவர்’ என்பதில் ‘ரிவர்’ என்ற சொல் தேய்ந்து மறைந்தபின்னும், அதற்குத் துணையாக வந்த ‘தி’ அங்கேயே தங்கிவிட்டது. நம் தமிழில் தொகைநிலையில் உருபு மறைந்து நின்று பொருள் தருவதுபோல, இங்கே ஒரு சொல்லே மறைந்து நின்று பொருள் தருகிறது என்று கொள்ளலாம்.

தி வைகை – மறைந்திருப்பது ஆறு
தி பசிபிக் – மறைந்திருப்பது பெருங்கடல்
தி சஹாரா – மறைந்திருப்பது பாலைவனம்
தி டைட்டானிக் – மறைந்திருப்பது கப்பல்

ரயில் வண்டிகளில் பொதுச்சொல் மறையாமலே நிற்கும்: ‘தி வைகை எக்ஸ்பிரஸ்’, ‘தி பாண்டியன் எக்ஸ்பிரஸ்’. அங்கும் ‘தி’ உண்டு.

செய்தித்தாள்களுள் 1878-இல் சென்னையில் தொடங்கிய ‘தி ஹிந்து’வை எல்லோரும் அறிவீர்கள். அங்கே ‘தி’ பெயரின் ஓர் உறுப்பாகவே அச்சாகிறது. ‘ஐ ரீட் ஹிந்து எவ்ரி டே’ என்று எழுதினால் ஆங்கிலம் அறிந்தவர் திகைப்பார். ‘ஐ ரீட் தி ஹிந்து’ என்றால்தான் பத்திரிகை என்று விளங்கும்.

இதற்கு மாறாகப் பொதுச்சொல் மறையாமல், பட்டம் போல முன்னால் வந்து நின்றுவிட்டால் ‘தி’க்கு வேலையில்லை. ‘மவுண்ட் எவரெஸ்ட்’, ‘லேக் விக்டோரியா’, ‘கேப் காமரின்’, ‘ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ்’ என்பவற்றைப் பாருங்கள். ‘சிஸ்டர்’, ‘மதர்’, ‘டாக்டர்’ என்று பெயருக்கு முன் வருவனபோல ‘மவுண்ட்’, ‘லேக்’, ‘கேப்’ என்பனவும் வருகின்றன. ‘தி மதர் தெரேசா’ என்று நாம் சொல்வதில்லை அல்லவா? அதுபோலத்தான் ‘தி மவுண்ட் எவரெஸ்ட்’ என்பதும் ஆகாது. (‘தி ரிவர் தேம்ஸ்’ மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்காத விலக்கு. ஆறுகளுக்கு எப்படி எழுதினாலும் ‘தி’ உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

சுற்றுலாவாகக் கன்னியாகுமரி சென்றவர்கள் இந்தப் பாடத்தைக் கண்ணாலேயே படிக்கலாம். அங்கே ‘தி பே ஆஃப் பெங்கால்’, ‘தி இண்டியன் ஓஷன்’, ‘தி அரேபியன் ஸீ’ என்று மூன்று கடல்களுக்கும் ‘தி’ உண்டு. நாம் நிற்கும் முனையாகிய ‘கேப் காமரி’னுக்கு மட்டும் இல்லை. மூன்று நீர், ஒரு நிலம். மூன்று ‘தி’, ஒரு வெறுமை. இதை மனத்தில் படமாகப் பதித்துக்கொண்டால் மறக்காது.

3. பன்மைப் பெயர்

பன்மை வடிவில் உள்ள இடப்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் ‘தி’ வரும். பல பொருள்களை ஒரே கூட்டமாகச் சேர்த்துக் காட்டுவதற்கு அது வேண்டியிருக்கிறது.

நம் நீலகிரி ஆங்கிலத்தில் ‘தி நீல்கிரிஸ்’. ஆனால் அதன் உச்சியாகிய 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு ‘தி’ இல்லை. மலைத்தொடருக்கு உண்டு, தனிச் சிகரத்துக்கு இல்லை. ‘தி ஹிமாலயாஸ்’, ‘தி ஆல்ப்ஸ்’, ‘தி வெஸ்டர்ன் காட்ஸ்’ எல்லாம் தொடர்கள். தீவுகளிலும் அவ்வாறே. ஸ்ரீலங்கா ஒரு தீவு, ‘தி’ இல்லை. மாலத்தீவுகள் பல, ஆகவே ‘தி மால்டீவ்ஸ்’. 7,000-க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட ‘தி ஃபிலிப்பைன்ஸ்’ நாட்டுக்கும் அதே காரணம்.

குடும்பத்தாரைச் சேர்த்துச் சொல்லும்போதும் இவ்விதியே. மேரி க்யூரி என்று தனியே சொன்னால் ‘தி’ இல்லை. அவரும் கணவர் பியரி க்யூரியும் 1903-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதைச் சொல்லும்போது ‘தி க்யூரீஸ்’. 1911-இல் ரசாயனத்துக்கான பரிசை அவ்வம்மையார் தனியே பெற்றதைச் சொல்லும்போது மறுபடியும் ‘மேரி க்யூரி’தான்.

4. பட்டமும் பதவியும்

ஆண்டுவிழா அறிக்கை, வரவேற்பு இதழ், நன்றியுரை முதலியவற்றை எழுதும் மாணவியர் இப்பகுதியைக் கவனத்துடன் படிக்க வேண்டும்.

பட்டம் பெயரோடு ஒட்டி வந்தால் ‘தி’ வேண்டாம்: ‘க்வீன் எலிசபெத்’, ‘போப் ஜான் பால்’. பதவி தனித்து வந்தாலும், பதவியைச் சொல்லிக் காற்புள்ளி இட்டுப் பெயரைச் சொன்னாலும் ‘தி’ வேண்டும்: ‘தி க்வீன்’, ‘தி போப்’, ‘தி ஹெட்மிஸ்ட்ரஸ்’. ‘வீ தேங்க் ஹெட்மிஸ்ட்ரஸ்’ என்று நன்றியுரை படிப்பது பிழை. ‘வீ தேங்க் தி ஹெட்மிஸ்ட்ரஸ்’ என்பதே சரி.

‘ரெவரெண்ட்’ என்பதும் ‘ஆனரபிள்’ என்பதும் பட்டங்கள் போலத் தோன்றினாலும் உண்மையில் உரிச்சொற்கள். ஒருவர் வணக்கத்துக்குரியவர், மாண்புக்குரியவர் என்று விவரிக்கும் சொற்கள். ஆகவே கவனமாக எழுதுவோர் ‘தி ரெவரெண்ட்’, ‘தி ஆனரபிள்’ என்றே எழுதுவர். அழைப்பிதழ்களில் இடம் கருதி ‘தி’யை விட்டுவிடுவது உண்டு. வாக்கியத்துக்குள் எழுதும்போது விடாமல் எழுதுங்கள்.

பேச்சுப் போட்டியில் கலந்துகொள்வோர் இதையும் அறிந்துகொள்ளுங்கள். எழுத்தில் இல்லாத ‘தி’யைச் சில இடங்களில் வாயால் சொல்ல வேண்டும். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வருகை தந்த பாப்பரசரின் பெயர் ரோமன் எண்ணோடுதான் அச்சாகும். படிக்கும்போது ‘ஜான் பால் தி செகண்ட்’ என்று படிக்க வேண்டும். ‘ஜான் பால் டூ’ என்று படிப்பது தவறு. அதே ரோமன் எண் போரின் பெயரிலோ, சங்கத்தின் பெயரிலோ வரும்போது ‘வேர்ல்ட் வார் டூ’, ‘வாட்டிகன் டூ’ என்று படிக்க வேண்டும். ஆளுக்கு ‘தி’ உண்டு, நிகழ்ச்சிக்கு இல்லை.

‘அலெக்ஸாண்டர் தி கிரேட்’, ‘ஜான் தி பாப்டிஸ்ட்’ என்பனவும் இவ்வினமே. அலெக்ஸாண்டர் என்பது அழைக்கும் பெயர். ‘தி கிரேட்’ என்பது எந்த அலெக்ஸாண்டர் என்று விவரிக்கும் அடைமொழி.

தெய்வப் பெயரிலும் இந்த வேறுபாடு உண்டு. ‘காட்’ என்னும் சொல் பெயராகவே வழங்குவதால் ‘தி’ இல்லை. ‘தி லார்ட்’ என்பது ஆண்டவர் என்று விவரிக்கும் சொல்லாதலால் ‘தி’ உண்டு. ஆங்கிலத்தில் தினமும் ஜெபிக்கிறீர்கள். இனிச் சொல்லும்போது கவனித்துப் பாருங்கள்.

5. ‘தி’ யாருக்குச் சொந்தம்?

நம் மாணவியர் பலர் ‘தி தமிழ்நாடு’ என்று எழுதுவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. செய்தித்தாளில் ‘தி தமிழ்நாடு கவர்ன்மெண்ட்’ என்று அடிக்கடி காண்கிறார்கள். ‘தி’யும் தமிழ்நாடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் இரண்டும் உறவு என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே ‘தி’ தமிழ்நாட்டுக்கு உரியதன்று. கடைசியில் நிற்கும் ‘கவர்ன்மெண்ட்’ என்ற சொல்லுக்கு உரியது. நடுவில் ‘தமிழ்நாடு’ வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பள்ளி அறிக்கைகளில் காணும் மற்றொரு பிழையும் இதிலிருந்தே பிறக்கிறது. ‘தி இண்டிபெண்டன்ஸ் டே வாஸ் செலிபிரேட்டெட்’ என்று எழுதுகிறோம். சுதந்திர தினம், குடியரசு தினம், பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆகிய எந்த நாளுக்கும் ‘தி’ வேண்டியதில்லை. ஆனால் ‘தி இண்டிபெண்டன்ஸ் டே செலிபிரேஷன்ஸ்’ என்பது சரி. ஏனெனில் அந்தத் ‘தி’ கடைசியில் நிற்கும் கொண்டாட்டங்கள் என்ற சொல்லுக்கு உரியது. ‘தி பொங்கல் ஹாலிடேஸ்’ என்பதும் அப்படியே.

ஆகவே ‘தி’யைக் கண்டவுடன், அது எந்தச் சொல்லின் கையைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

6. ஒரு பெயர் பலவாகும்போது

அழைக்கும் பெயருக்கு ‘தி’ வராது என்றோம். ஆனால் சில சமயம் அழைக்கும் பெயரே பலவாகிவிடும். அப்போது தமிழிலும் ‘அந்த’ என்று சுட்டுகிறோம். வகுப்பில் இரண்டு மேரி இருந்தால் ‘எந்த மேரி?’ என்று கேட்கிறோம். ‘போன வருஷம் பரிசு வாங்கினாளே, அந்த மேரி’ என்று விடை சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அதுவே: ‘தி மேரி ஹூ வன் தி பிரைஸ்’.

ஊர்களும் காலத்தால் பலவாகும். சென்னை என்று 1996-இல் பெயர் மாறிய நகரத்தைப் பற்றி ஒரு பாட்டியம்மாள், ‘இது நான் சின்ன வயதில் பார்த்த மெட்ராஸ் இல்லை’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘திஸ் இஸ் நாட் தி மெட்ராஸ் ஐ நியூ’ என்று வரும். அவருக்கு மெட்ராஸ் இரண்டு: அன்று இருந்தது ஒன்று, இன்று இருப்பது ஒன்று. அவற்றைப் பிரித்துக் காட்டவே ‘தி’.

‘காளிதாசர் இந்தியாவின் ஷேக்ஸ்பியர்’ என்ற வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது ‘காளிதாஸா இஸ் தி ஷேக்ஸ்பியர் ஆஃப் இண்டியா’ என்று எழுதுவதும் இதனாலேயே. அங்கே ஷேக்ஸ்பியர் என்பது ஓர் ஆளின் பெயராக நில்லாமல், பெருங்கவி என்ற பொருளுடைய பொதுப் பெயராக மாறிவிட்டது.

புகழ்பெற்ற ஒருவரைச் சந்தித்ததாகத் தோழி சொன்னால், ‘அந்த லதா மங்கேஷ்கரா?’ என்று நாம் வியப்போமல்லவா? ஆங்கிலத்திலும் பெயருக்கு முன் ‘தி’ சேர்த்து, அதைத் ‘தீ’ என்று நீட்டி அழுத்திச் சொல்வார்கள். தமிழ் ‘அந்த’வும் ஆங்கிலத் ‘தி’யும் ஒன்றையொன்று மிக நெருங்கும் இடம் இதுவே.

7. ‘தி’யைத் துறந்த நாடுகள்

இப்போது முதலில் சொன்ன வரலாற்றுக்கு வருவோம்.

பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினால் ‘தி பஞ்சாப்’, ‘தி லெபனான்’, ‘தி ஆர்ஜென்டைன்’, ‘தி சூடான்’ என்றெல்லாம் காணலாம். இவை ஆதியில் நிலப்பகுதிகளின் விவரிப்பாக இருந்தன. ‘பஞ்சாப்’ என்பதற்குப் பாரசீகத்தில் ஐந்து நீர் என்று பொருள். ஐந்து ஆறுகள் பாயும் நிலம். லெபனான் ஒரு மலைத்தொடரின் பெயர். காலம் செல்லச் செல்ல, நிலப்பகுதியின் பெயர் நாட்டின் பெயராயிற்று, மாநிலத்தின் பெயராயிற்று. ‘தி’யும் மெல்ல மெல்ல உதிர்ந்தது. இன்று ‘பஞ்சாப்’, ‘லெபனான்’, ‘ஆர்ஜென்டினா’ என்றே எழுதுகிறோம். ஆனால் தனி நாடாகவோ மாநிலமாகவோ ஆகாத ‘தி டெக்கான்’ இன்னும் தன் ‘தி’யை வைத்துக்கொண்டிருக்கிறது.

இவற்றுள் மிகவும் குறிப்பிடத்தக்கது உக்ரைன் நாட்டின் கதை. சோவியத் யூனியனின் ஒரு பகுதியாக இருந்தபோது அது ஆங்கிலத்தில் ‘தி யுக்ரேன்’ என்று பரவலாக வழங்கி வந்தது. எல்லைப்புறம் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பது பலரும் தரும் விளக்கம். 1991 ஆகஸ்ட் 24-இல் உக்ரைன் சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதை உறுதி செய்தனர். அதற்குப் பின் அந்நாட்டினர் ஆங்கில உலகை வேண்டிக்கொண்டவற்றுள் ஒன்று, ‘எங்கள் பெயருக்கு முன் தி போடாதீர்கள்’ என்பது. ‘தி’ சேர்த்தால் அது ஏதோ ஒரு பெரிய நாட்டின் ஓரத்துப் பகுதி போல ஒலிக்கிறது. ‘தி’ இல்லாவிட்டால் இந்தியா, பிரான்ஸ் என்பனபோல ஒரு தனி நாடாக நிற்கிறது என்பது அவர்கள் வாதம். ஆங்கிலப் பத்திரிகைகளும் அகராதிகளும் அதை ஏற்றுக்கொண்டன.

இதிலுள்ள வியப்பைக் கவனியுங்கள். உக்ரைன் மக்களின் தாய்மொழியிலும் நம் தமிழைப் போலவே ஆர்ட்டிகிள் கிடையாது. தங்கள் மொழியில் இல்லாத ஒரு சொல், வேற்று மொழியில் தங்கள் பெயருக்கு என்ன செய்கிறது என்று அறிந்து, அதை நீக்கும்படி கேட்டார்கள். இலக்கணம் அறிந்தவர்களுக்கே அப்படிக் கேட்கத் தோன்றும்.

இதற்கு நேர்மாறான நாடும் ஒன்று உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றின் இரு கரைகளிலும் நீண்டு கிடக்கும் சிறிய நாடு, 1965-இல் சுதந்திரம் பெற்றது. அது தன் பெயரைத் ‘தி காம்பியா’ என்றே எழுதுகிறது. ஆற்றின் பெயரோடு வந்த ‘தி’யைத் தன் பெயரின் உறுப்பாக ஏற்றுக்கொண்டது. ‘தி பஹாமாஸ்’ நாடும் அவ்வாறே. ஒருவர் வேண்டாம் என்கிறார், மற்றவர் வேண்டும் என்கிறார். இரண்டுமே சரி. ஏனெனில் பெயர் யாருடையதோ அவர் விருப்பமே முதலில் நிற்க வேண்டும். வகுப்புத் தோழியின் பெயரை அவள் எழுதுகிறபடி எழுதுவது எப்படி மரியாதையோ, அப்படியே இதுவும்.

8. ஐயம் வந்தால்

எல்லாப் பெயர்களும் ஒழுங்குக்கு அடங்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. ‘தி தாஜ்மஹால்’ என்கிறோம். ‘பக்கிங்ஹாம் பேலஸ்’ என்கிறோம். நெதர்லாந்தில் ‘தி ஹேக்’ என்ற நகரத்துக்குத் ‘தி’ உண்டு. அந்நாட்டு மொழியிலேயே அப்பெயர் ஆர்ட்டிகிளோடு பிறந்ததால் ஆங்கிலத்திலும் தொடர்கிறது. இத்தகையவற்றைப் பழக்கத்தால்தான் அறிய முடியும். தினமும் ஒரு நல்ல ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு பத்தியை எடுத்து, அதிலுள்ள சிறப்புப் பெயர்களின் கீழ்க் கோடிட்டு, எதற்குத் ‘தி’ உண்டு, எதற்கு இல்லை, ஏன் என்று பாருங்கள். பெற்றோரும் பக்கத்தில் அமர்ந்து பார்க்கலாம். பத்து நிமிஷ வேலை.

எழுதும்போது ஐயம் வந்தால் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

(அ) இப்பெயர் அழைக்கிறதா, விவரிக்கிறதா?
(ஆ) ஆறு, கடல், கப்பல் போன்ற பொதுச்சொல் எதுவும் மறைந்து நிற்கிறதா? பெயர் பன்மையா?
(இ) ‘தி’ இந்தப் பெயருக்குச் சொந்தமா, பின்னால் வரும் வேறு சொல்லுக்குச் சொந்தமா?

பயிற்சி

கோடிட்ட இடத்தில் தேவையானால் ‘தி’ சேர்க்கவும். விடைகளைப் பார்க்குமுன் காரணத்தையும் எழுதிப் பாருங்கள்.

1. — வைகை ஃப்ளோஸ் த்ரூ — மதுரை.
2. — மவுண்ட் எவரெஸ்ட் இஸ் இன் — ஹிமாலயாஸ்.
3. — டைட்டானிக் ஸாங்க் இன் — அட்லாண்டிக் இன் 1912.
4. — மதர் தெரேசா வாஸ் பார்ன் இன் — ஸ்கோப்யே இன் 1910.
5. ஷி லர்ன்ஸ் — தமிழ் அண்ட் — ஃப்ரெஞ்ச்.
6. — லேக் விக்டோரியா இஸ் தி லார்ஜஸ்ட் லேக் இன் — ஆஃப்ரிக்கா.
7. வீ செலிபிரேட்டெட் — ரிபப்ளிக் டே.
8. ஹி ஒர்க்ஸ் ஃபார் — தமிழ்நாடு கவர்ன்மெண்ட்.

விடைகள்

1. வைகைக்கு உண்டு (ஆறு மறைந்திருக்கிறது), மதுரைக்கு இல்லை. 2. எவரெஸ்டுக்கு இல்லை (‘மவுண்ட்’ பட்டம் போல முன்னால் வந்தது). ஹிமாலயாஸுக்கு உண்டு (பன்மை). 3. இரண்டுக்கும் உண்டு (கப்பல், பெருங்கடல்). 4. இரண்டுக்கும் இல்லை. 5. இரண்டுக்கும் இல்லை; ‘லாங்குவேஜ்’ என்ற சொல் சேர்ந்தால் வரும். 6. இரண்டுக்கும் இல்லை. 7. இல்லை. 8. உண்டு, ஆனால் அது அரசுக்கு உரிய ‘தி’.

எட்டுக்கும் சரியான விடை எழுதியவர்கள் அடுத்த ஆண்டு மலருக்கு ஆங்கிலத்திலேயே ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள். ஒன்றிரண்டு தவறியவர்கள் அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். காரணம் தெரிந்து திருத்திக்கொண்ட பிழை மறுபடி வராது.